சைவக் கடை முதலாளிமாரை எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

கொழும்பிலும் தென்னிலங்கையின் பல ஊர்களிலும் சைவச் சாப்பாட்டுக் கடை நடத்திய புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் முதலாளிமாரில் பெரும்பாலோர் இப்போது இல்லை. அவர்களைப் பற்றிய பதிவுகளும் மிகக் குறைவு.

இந்த ஊர்கள் உள்ள யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர் அருமை. மழையை நம்பிய ஒருபோக நெல்லும் பனையும் கடலும் எல்லாக் குடும்பத்துக்கும் போதவில்லை. பெடியன்கள் சின்ன வயதிலேயே கடைக்குப் போனார்கள். கோப்பை கழுவி, மேசை துடைத்து, சமையலும் கணக்கும் பழகிப் பிறகு சொந்தக் கடை போட்டார்கள். எங்கள் அயலில் இருந்த முதலாளி ஒருவரும் அப்படி வந்தவர்தான். விடிய முதலே இடியப்பமும் சொதியும் ஆயத்தமாக இருக்கும். சிங்களம் சரளமாகப் பேசுவார். ஊரிலிருந்து வேலை தேடி வரும் பெடியனுக்கு முதல் சாப்பாடும் படுக்க இடமும் அவர் கடையில்தான், காசு கேட்டதில்லை. தீவுகளின் கோயில் திருப்பணிகளிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

1958, 1977 இனக்கலவரங்களில் அடிபட்டும் திரும்பக் கடை திறந்தவர்கள் உண்டு. 1983 யூலைக் கலவரத்தில் எரிந்த கடைகளோடு பலருடைய வாழ்நாள் உழைப்பே போய்விட்டது. 1990களின் தொடக்கத்தில் போரால் தீவுகளிலிருந்தே சனம் இடம்பெயர்ந்தது. குடும்பங்கள் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறின.

பழைய கணக்குக் கொப்பியோ கடைப் படமோ வீட்டில் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். அவற்றைப் பாதுகாக்க, 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். தங்கள் பத்திரிகையும் வாரம் ஒரு முதலாளியைப் பற்றி எழுத வேண்டும். அந்தக் கடைகளில் கோப்பை கழுவிய சிலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், வேலணை