மூன்றரை லட்ச ரூபாய்க்கு ஒரு மடக்கு காபி

கல்யாண மண்டப வாசலில் பால் ஜக்குக்குள் குழாயை விட்டு 'புஸ்ஸ்ஸ்' என்று நீராவி அடித்து, நுரை மேல் சாக்லேட் பவுடர் தூவிக் கொடுப்பார்களே... நம்ம ஊர்ப் பக்கம் எஸ்பிரஸோ என்றால் பாதிப் பேருக்கு இன்னமும் அதுதான். இன்ஸ்டன்ட் காபித்தூள், நிறைய பால், அதைவிட நிறைய சத்தம். எஸ்பிரஸோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. (ஆனால் ருசியாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டில் நிஜமான இத்தாலி மெஷின் வந்து இறங்கியது. வீட்டுக்காரர் மரவள்ளிக்கிழங்கு வியாபாரி. கல்வராயன் மலையில் விளைகிற கிழங்கை வாங்கி ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்புகிறவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கிளப்பிவிட்ட ஆசை இது. மெஷினும் காபிக்கொட்டை அரைக்கிற தனி கிரைண்டரும் சேர்த்து மூன்றரை லட்சம். கிரைண்டர் மட்டும் எழுபதாயிரம் என்றதும் வீட்டம்மா, "அதுல எத்தனை படி மாவு அரைக்கலாம்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி!

அப்படி என்னதான் செய்கிறது இது? நம்ம ஃபில்டரில் வெந்நீர் தன் பாட்டுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும், அவசரமே கிடையாது. எஸ்பிரஸோவில் அதே வேலை 25 முதல் 30 நொடிக்குள் முடியணும். அதற்கு 9 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பதே சுமார் 2 பார்தான், பார்த்துக்கொள்ளுங்கள். மிலான் நகரத்து அக்கீல் காஜியா 1938-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார். அவருடைய நெம்புகோல் மெஷின் 1948-ல் சந்தைக்கு வந்த பிறகுதான் எஸ்பிரஸோ மேல் மிதக்கிற அந்தத் தங்க நிற நுரையை உலகம் பார்த்தது. 18 கிராம் தூள் போட்டால் 36 கிராம் காபி வரும். ஒரே மடக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பத்து நாள் நடந்ததுதான் கூத்து.

காலையில் ஸ்விட்ச் போட்டால் அரை மணி நேரம் காய வேண்டும், அவ்வளவு இரும்பும் பித்தளையும் உள்ளே. நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. வீட்டு இன்வெர்ட்டர் அந்த லோடைத் தாங்காது. அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் பாய்லரில் உப்பு படிந்துவிடும் என்று ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினார். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் உள்ளே இருக்கிற சென்சாருக்குத் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் கலந்து ஊற்றி, டெஸ்டரை முக்கி முக்கி அளந்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். நாலாவது நாள் கொட்டை தீர்ந்துபோய், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிக்கரி கலந்த தூளைப் போட்டுப் பார்த்தார். பொட்டு பொட்டாக வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. வடிகட்டியைக் கழுவி எடுக்க ஒரு மணி நேரம்.

இதில் பெரிய தமாஷ் என்னவென்றால், மெஷினோடு வந்த இத்தாலி காபி பாக்கெட். இந்தியக் காபியை உலகத்திலேயே அதிகம் வாங்குகிற நாடு இத்தாலி. நம்ம ரொபஸ்டா அங்கே போய் எஸ்பிரஸோ கலவைகளில் சேர்கிறது. அது கப்பலேறிப் போய், வறுபட்டு, வெளிநாட்டு விலையோடு திரும்பி வந்தால் நாம் வாங்குகிறோம். சேலத்துக்கு மேலே ஏற்காட்டில் 1820-களிலேயே காபி நட்டாயிற்று! நல்லவேளை, இரண்டாவது வாரம் ஏற்காட்டுக் கொட்டைக்கு மாறிவிட்டார். புதிதாக வறுத்தது என்பதால் நுரையும் கூடுதல்.

இனி காமர்ஸ் மாணவர்களுக்கான பகுதி. மூன்றரை லட்சத்தைப் பத்து வருஷத்துக்கு நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் வருஷத்துக்கு 35,000. தினம் நாலு காபி என்றால் ஒரு காபிக்கு 24 ரூபாய் மெஷினுக்கே போய்விடும். கால் கிலோ 500 ரூபாய் கொட்டையில் 18 கிராம் என்றால் 36 ரூபாய். பால் ஒரு பத்து. ஆக 70 ரூபாய், ரிப்பேர் செலவு சேராமல். "கடையில் குடித்தால் 200 ரூபாய், அதனால் லாபம்" என்பது பெங்களூர்க் கணக்கு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்குச் சூடான காபி கிடைக்கும்போது அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ருசிக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. இதை வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்குவது ஒரு வேலையை. எடை போடுவது, அரைப்பது, அழுத்துவது, துடைப்பது. அந்த வேலை பிடித்தால் மெஷின் தகும். பிடிக்காதவருக்கு அது அலமாரி பொம்மை.

இவருக்குப் பிடித்துவிட்டது. கல்யாணமாகி 28 வருஷத்தில் அடுப்படியில் ஒரு தம்ளர்கூடக் கழுவாத மனுஷன் இப்போது நாலரை மணிக்கு எழுந்து தராசில் 18 கிராம் நிறுக்கிறார். வீட்டம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவர் அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, ஒரு தம்ளர் சுடுபால் ஊற்றி ஆற்றிக் குடிக்கிறார். இவருக்கு முகம் சுருங்குகிறது, ஆனால் வாய் திறப்பதில்லை. தேய்மானக் கணக்கில் இந்த வரவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் போடவில்லை.

கிழங்குக் கணக்கு முடிக்க வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தவருக்கும் போன வாரம் ஒரு எஸ்பிரஸோ கிடைத்தது. சின்னக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானாண்ணே?"

"குடிச்சுப் பாருய்யா."

குடித்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் உள்பக்கம் பார்த்து, "அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றார். வீட்டம்மா தண்ணியோடு ஃபில்டர் காபியும் கொண்டுவந்து வைத்தார். ராத்திரியே போட்டு வைத்த டிகாக்‌ஷன்.