எந்த மீனுக்கு இந்த வலை?

மட்டக்களப்பு வாவியில் வலை வீசுபவரிடம் "இது நல்ல வலையா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த மீனுக்கு?" என்று திருப்பிக் கேட்பார். வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்கும் நம்மவர்களோ அதைக் கேட்பதில்லை. 99 விழுக்காடு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் பணத்தை நீட்டிவிடுகிறார்கள்.

அந்த விழுக்காடு பொய்யென்று நான் வாதிட வரவில்லை. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கொன்ஃபிக்கர் போன்ற புழுக்களை இம்மென்பொருள்கள் இன்று நன்றாகவே பிடிக்கின்றன. அவை எல்லோருக்கும் எதிரி. தயக்கம் தொடங்குவது வேறிடத்தில்: நிறுவனப் பெயரும் 'சம்மதிக்கிறேன்' என்றொரு பொத்தானும் உள்ள நிரல்களில்.

முன்பொருமுறை பாமினி எழுத்துருவை ஏதோவொரு தளத்திலிருந்து இறக்கினேன். கூடவே விளம்பரக் கருவிப்பட்டை ஒன்றும் உலாவியில் ஒட்டிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய காவலனோ பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தான். இத்தகைய வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி விண்டோஸிலேயே 2021 ஆகஸ்டில்தான் இயல்பாக இயங்கத் தொடங்கியது.

தடுத்தால் வழக்கு வரும் என்பார்கள். வந்தது. ஸாங்கோ என்ற விளம்பர நிரல் நிறுவனம் காஸ்பர்ஸ்கி மீது தொடுத்த வழக்கு, 2009இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. பிறகும் என்ன அச்சம்?

கருவிப்பட்டை வெறும் தொல்லை. வேவுச் செயலி அப்படியல்ல. 'பிள்ளையைக் கவனிக்க', 'தொலைந்த தொலைபேசியைத் தேட' என்று விற்கப்பட்டு, வாழ்க்கைத் துணையை வேவு பார்க்கப் பயன்படும் செயலிகளைத் தடுப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். காஸ்பர்ஸ்கி இவற்றைப் பற்றி வெளிப்படையாக எச்சரிக்கத் தொடங்கியது 2019 ஏப்ரலில்தான்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. 2004 மே 31இல் ஐயாத்துரை நடேசன் இந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் இம்மண்ணின் தராக்கி சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் செய்தி தந்தவரின் பெயரை நெஞ்சுக்குள் மட்டுமே வைத்திருந்தோம். இன்று அப்பெயர் தொலைபேசிக்குள் இருக்கிறது. அதைக் கையில் எடுத்து ஐந்து நிமிடத்தில் வேவுச் செயலி பதிப்பவன் வைரஸ் பரப்புபவன் அல்லன். ஆகவே விளம்பரத்தின் 99இல் அவன் அடங்குவான் என்று நம்பியிருக்க முடியாது.

எனவே நண்பர்களே, அடுத்தமுறை விற்பனையாளரிடம் விழுக்காட்டைக் கேட்காதீர்கள். புழுவுக்கு எவ்வளவு, விளம்பர நிரலுக்கு எவ்வளவு, வேவுச் செயலிக்கு எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.