மிதவாதி மேஜரும் பறிபோன பென்ஷனும்

2020ல் காலமான ஜஸ்வந்த் சிங்கை "பா.ஜ.க.வின் மிதவாதி" என்று பெரிய பத்திரிகைகள் புகழ்ந்தன. ராணுவத்தில் மேஜராக இருந்து அரசியலுக்கு வந்தவர், நிதானமாகப் பேசுகிறவர். 2009ல் ஜின்னாவைப் பற்றிப் புத்தகம் எழுதியதற்காகச் சொந்தக் கட்சியே அவரை வெளியேற்றியது. அந்தத் துணிச்சலை நாம் மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, நிதி மந்திரியாக அவர் செய்ததென்ன? 2003 பட்ஜெட்டில் புதிய பென்ஷன் திட்டத்தை அறிவித்தார். 2004 ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் வேலைக்கு வந்தவர்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்தம். அந்தப் பணம் பங்கு மார்க்கெட்டுக்கும் போயிற்று. கடைசியில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ராணுவத்தாருக்கு மட்டும் விலக்கு. தாம்பரம் விமானப்படைத் தளத்து வீரருக்குப் பழைய பென்ஷன். அதே தாம்பரத்தின் ரயில் பணிமனையில் புதிதாகச் சேர்ந்த தொழிலாளிக்கு அது கிடையாது! வீரருக்குக் கிடைத்ததில் நமக்குப் பொறாமையில்லை. தொழிலாளியிடம் ஏன் பிடுங்கினீர்கள் என்பதே கேள்வி.

இருபது வருஷப் போராட்டத்துக்குப் பின், 2025ல் உத்தரவாதத்தோடு ஒரு திட்டம் வந்தது. அதிலும் பிடித்தம் போகவில்லை.

"மில்லிலும் வயலிலும் உழைக்கும் நமக்கு என்றைக்கு ஐயா சர்க்கார் பென்ஷன் இருந்தது?" என்பீர்கள். நியாயம்தான். இருந்தவனிடம் பிடுங்குகிறவன் இல்லாதவனுக்கா கொடுப்பான்?

அந்த விலக்காவது நிலைத்ததா? 2022ல் அக்னிபத் வந்தது. நான்கு வருஷத்தில் வெளியே அனுப்பப்படும் ஜவானுக்கும் பென்ஷன் இல்லை.