விளக்கு எரிந்தால் போதுமா?

தேர்வுக் காலத்தில் மின்சாரம் நின்று விடுதி இருண்டால், பழைய புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் கொண்டு மின்சாரம் எடுக்க முனையும் மாணவ நண்பர்கள் உண்டு. அம்முயற்சியை வரவேற்கிறேன். 1831-இல் பாரடே கண்ட உண்மையை ஏட்டில் படிப்பது வேறு. கையில் எண்ணெய்க் கறை படிய உணர்வது வேறு அன்றோ!

அந்த எஞ்சினின் தண்டு பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும். காரின் ஆல்டர்னேட்டரையும் அவ்வாறே நிறுத்திப் பெல்ட்டால் இணைத்தால், 12 வோல்ட் பாட்டரி ஏறும். இன்வெர்ட்டர் அதனை 230 வோல்ட்டாக்கும்.

ஆனால், அதைச் சுவர்ப் பிளக்கில் செருகி எல்லா அறைகளுக்கும் ஒளி தரலாம் என்போரை வன்மையாக மறுக்கிறேன். மெயின் சுவிட்சை அணைக்காவிடில் அம்மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாயும். டிரான்ஸ்பார்மரில் பின்னோக்கிச் சென்று 11,000 வோல்ட்டாகவும் உயரக்கூடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் கதி என்ன? ஆகவே விளக்கைத் தனிக் கம்பியிலேயே இணையுங்கள்.

புகையும் அத்தகைய பகையே. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். எஞ்சினை அறையிலோ தாழ்வாரத்திலோ ஓட்டலாகாது. திறந்த வெளியில், சன்னல்களுக்கு அப்பால் வையுங்கள்.

நம் அறையில் விளக்கு எரிவதற்காக இன்னொரு வீட்டின் விளக்கு அணையலாகாது, நண்பர்களே!