ஆடும் பருவமும் அடைத்த கதவும்

நுழையும்முன்

விளையாட்டு என்பது குழந்தைப் பருவத்தின் பொழுதுபோக்கு மட்டுமன்று. வாழ்க்கைக்குப் பழகும் களமும் அதுவே. பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே அக்களத்தை அவர்களுக்கு எட்டாததாக்கும் முரண்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

பூசலார் நாயனார் தம் மனத்துள் கோயில் எழுப்பிய ஊர் எனப் பெரியபுராணம் போற்றும் திருநின்றவூர், இன்று சென்னை – அரக்கோணம் புறநகர் இரயில் தடத்தில் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே உள்ள நகராட்சி. வயல்களாக இருந்த நிலங்கள் மனைப்பிரிவுகளாயின. சென்னைக்கும் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளுக்கும் நாள்தோறும் பணிக்குச் செல்வோர் அங்குக் குடியேறினர். இத்தகைய புறநகர்களில், தாயும் தந்தையும் இருட்டிய பின்னரே வீடு திரும்பும் குடும்பங்கள் பல. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அங்கே இடப்படும் முதற்கட்டளை, "நாங்கள் வரும்வரை வெளியே போகாதே" என்பதுதான். கதவு தாழிடப்படுகிறது, கையில் திறன்பேசி வந்து சேர்கிறது.

இக்கட்டளை அன்பினால் பிறந்தது என்பதில் ஐயமில்லை. நெடுஞ்சாலையில் விரையும் ஊர்திகள், இரயில் தடம், ஏரி, முன்பின் அறியாத அண்டை வீட்டார் என அச்சத்திற்குக் காரணங்களும் உள்ளன. ஆயினும் அந்த அன்பு பிள்ளையிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காப்பில் தொடங்கி ஆட்டத்தில் நிறைவது

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நீங்கள் அறிவீர்கள். முதற்பருவம் காப்பு, குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது. இறுதி மூன்று பருவங்களோ விளையாட்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் கழங்கு, அம்மானை, ஊசல். காத்தலில் தொடங்கும் வளர்ச்சி ஆடுதலில் நிறைவெய்துகிறது என்பதை இவ்வரிசையே உணர்த்துகிறது. இன்று நாமோ, பத்து வயதுப் பிள்ளையையும் காப்புப் பருவத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இடர் வேறு, ஆபத்து வேறு

குழந்தை தானே கண்டு, அளந்து, எதிர்கொள்ளக் கூடியதை இடர் என்போம். அதனால் காணவோ அளக்கவோ இயலாததை ஆபத்து என்போம். மாமரக் கிளையின் உயரம் இடர். மூடப்படாத ஆழ்துளைக் கிணறு ஆபத்து. முன்னது பிள்ளைக்குப் பாடம். பின்னது பெரியவர்களின் குற்றம்.

நார்வே நாட்டு ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர், குழந்தைகள் விரும்பித் தேடும் இடர்மிகு விளையாட்டுகளை 2007ஆம் ஆண்டு ஆறு வகைகளாகப் பகுத்தார். உயரம் ஏறுதல், விரைவு, கூரிய கருவிகளைக் கையாளுதல், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகில் ஆடுதல், கட்டிப் புரளுதல், பெரியவர் கண்ணுக்கு மறைந்து திரிதல் என்பன அவை. நம் ஊர் ஆட்டங்களை இவற்றோடு பொருத்திப் பாருங்கள். மரமேறுதலும் ஊஞ்சலும் சடுகுடுவும் கண்ணாமூச்சியும் இவற்றுள் அடங்கிவிடும். எந்தக் கிளை தாங்கும், எவ்வளவு தொலைவு தாண்டலாம், எப்போது பின்வாங்க வேண்டும் என்பவற்றை உடல் இவ்வாட்டங்களில்தான் கற்கிறது. முழங்காலில் பட்ட சிராய்ப்பு சில நாள்களில் ஆறிவிடும். அளந்தறியும் ஆற்றலோ பழகாமல் வருவதில்லை.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை உயிரிழந்த துயரத்தைத் தமிழகம் மறக்கவில்லை. அத்துயரம் நமக்குச் சொல்வது என்ன? மூட வேண்டியது கிணற்றையே அன்றிக் குழந்தையின் வாயிற்கதவை அன்று. மண் அள்ளப்பட்ட ஏரியில் நீருக்கடியில் மறைந்திருக்கும் பள்ளத்திற்கும் இதுவே பொருந்தும். கரையில் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். பிள்ளைகளுக்கு நீச்சற்பயிற்சியும் வேண்டும்.

பெற்றோரை வாட்டும் மற்றோர் அச்சம், அந்நியர் பற்றியது. போக்சோ சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில், குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. எனவே கதவைத் தாழிடுவது மட்டும் காவலாகாது. துணிந்து மறுக்கவும் தயங்காமல் வீட்டில் சொல்லவும் கற்றுக்கொடுப்பதும், 1098 என்னும் உதவி எண்ணை அறியச் செய்வதுமே மெய்யான காவல்.

இழப்பின் கணக்கு

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளுள் தனியாகப் பள்ளிக்குச் சென்றோர் 1971இல் 80 விழுக்காட்டினர். 1990இல் வெறும் 9 விழுக்காட்டினர். மேயர் ஹில்மனும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்த உண்மை இது. சாலைகள் பாதுகாப்பானவை ஆனதாக அவர்கள் கருதவில்லை. குழந்தைகள் சாலையிலிருந்து அகற்றப்பட்டதாகவே கண்டனர்.

ஐந்து முதல் பதினேழு வயதுடையோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. வெளியொளியில் கழிக்கும் நேரம் கிட்டப்பார்வை தோன்றுவதைக் குறைப்பதால், தைவான் அரசு 2010 முதல் மாணவர்களை நாள்தோறும் 120 நிமிடங்கள் வெளியே இருக்க ஊக்குவித்து வருகிறது.

இவ்விழப்பு எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. பாதுகாப்பு என்னும் சொல் பெண்பிள்ளைகளின் மீதே முதலில் பாய்கிறது. அண்ணன் மட்டையோடு தெருவில் நிற்க, தங்கை சன்னலோரம் நிற்கிறாள். கழங்கும் ஊசலும் ஆடிய பெண்மகவைப் பாடிய மொழியில், அவளுக்கு ஒரு மாலைப்பொழுதை மறுப்பது தகுமா?

செய்யத்தக்கன

ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமையாக அறிந்தேற்கிறது. இந்தியா அதனை 1992இல் ஏற்றது. தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நிலம் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். தாளில் உள்ள அந்நிலம் முட்புதரும் குப்பைமேடும் ஆகாமல், நிழலும் விளக்கும் உள்ள திடலாதல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது குடியிருப்போர் கடமை; தருவது உள்ளாட்சியின் கடமை.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. முற்காலத்துத் தெருக்களில் சிறுவர்க்குக் காவலாக நின்றோர் பெரும்பாலும் பெரிய பிள்ளைகளே. உங்கள் தெருவில் மாலை ஐந்து மணிக்கு நீங்கள் ஒருவர் வெளியே நின்றால், பல வீட்டுக் கதவுகள் அச்சமின்றித் திறக்கும். பூசலார்க்கு மனக்கோயில் போதுமானதாக இருந்தது. குழந்தைகளுக்கு மனத்துள் அமைத்த திடல் போதாது. அவர்கள் கால் பதிய மண் வேண்டும்.