வக்கீல் வீட்டு வாசலில் எத்தனை காலம் நிற்பது?

சகோதரனே! உன் ஊர் ஜமாஅத்தில் தலைக்கட்டு எத்தனை? அதில் ஜவுளிக்கடை எத்தனை, மளிகை எத்தனை, செல்போன் கடை எத்தனை? துபாயிலும் சவூதியிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் எத்தனை பேர்? கேட்ட மாத்திரத்தில் சொல்லி விடுவாய். கறுப்பு அங்கி போட்டுக் கோர்ட் படி ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் விரலை மடக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி விடுவாய்.

ஆனால் நமக்குக் கோர்ட் இல்லாத நாள் உண்டா? கடை வாடகை வழக்கு நமக்கு இருக்கிறது. வக்ஃபு நிலத்தில் எவனோ வேலி போட்டால் வழக்கு. வரி நோட்டீசுக்குப் பதில் எழுத வேண்டும். தலாக், ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என்று குடும்ப வழக்குகள் குவிகின்றன. 1998ல் கோவைக் குண்டுவெடிப்பை அடுத்து ஊர் ஊராகப் பிடித்துப் போனபோது நான் மதரஸா மாணவன். தவறே செய்யாத பிள்ளையைத் தேடி ஒரு தாய் எங்கள் உஸ்தாதிடம் வந்து நின்றார். உஸ்தாதுக்கு ஃபிக்ஹு தெரியும், ஹதீஸ் தெரியும். ஜாமீன் மனு எப்படிப் போடுவது என்று தெரியாது. தெரிந்த ஒருவரும் எங்கள் ஜமாஅத்தில் இல்லை. அன்று அந்தத் தாயை அனுப்பி விட்டு உஸ்தாத் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நமக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். அதே நீதிமன்றத்தின் நீதிபதி பஷீர் அஹமது சயீது நம் பெண் பிள்ளைகளுக்காகச் சென்னையில் கல்லூரி கண்டார். 1989ல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர் ஃபாத்திமா பீவி. பின்னாளில் நம் மாநில ஆளுநராகவும் இருந்தார். அவரைச் சட்டம் படி என்று தூண்டியது அவருடைய தந்தை. மகளை வீட்டுக்குள் வைத்துக் கொள்ளப் பார்க்கும் வாப்பாமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் நிற்கும் நம் பெண்கள் தங்கள் வீட்டுக் கதையை ஓர் ஆண் வக்கீலிடம் சொல்லக் கூசிப் பாதியை மறைத்து, அதனாலேயே வழக்கில் தோற்பதை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு பையன் கதை. என் தெருப் பையன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். அரசு சட்டக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தான். சாதிச் சான்றிதழ் கையில் இல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'இஸ்லாம்' என்று மட்டும் இருந்தது. அது போதும் என்று நினைத்து விட்டான். தாலுகா ஆபீசுக்கு ஓடினான். தகப்பனாரின் சான்றைக் கொண்டு வா என்றார்கள். தகப்பனாருக்கு அப்படி ஒன்று எடுத்ததே இல்லை. கடைசித் தேதி போய் விட்டது. பொதுப் பிரிவில் அவன் மதிப்பெண் எட்டவில்லை. முஸ்லிம் பிரிவில் அவனுக்குக் கீழே மதிப்பெண் வாங்கியவனுக்கு இடம் கிடைத்தது. யாரைக் குறை சொல்வது? மூன்று மாதம் அதே தெருவில் தினமும் ஐந்து வேளை அவனைப் பார்த்தேன். ஒரு நாளாவது "தம்பி, சர்டிஃபிகேட் எடுத்து விட்டாயா?" என்று கேட்டேனா? மேடையில் இட ஒதுக்கீடு பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவன் நான்!

மூன்றரை சதவீதம் 2007ல் வந்தது. மாநாடு போட்டு, ஊர்வலம் போய், கோரிக்கை வைத்து வாங்கியது. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் அது நமக்கென்று தனியாக ஒதுக்கியது. நூறு இடம் இருந்தால் மூன்று, நான்கு. அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒன்று வீணானாலும் அது பெரிய இழப்பு. அந்தப் பட்டியலில் 'முஸ்லிம்' என்று பொதுவாக ஒரு பெயர் இல்லை என்பதைப் புரிந்துகொள். அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உட்பட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையிது என்று ஏழு பெயர்கள் இருக்கின்றன. உன் சான்றிதழில் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே இ-சேவை மையத்துக்குப் போய் எடுத்து வைத்து விடு. அதோடு இருப்பிடச் சான்று, வருமானச் சான்று. உன் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. மே மாதத்தில் ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பவன் ஏற்கெனவே பின்தங்கி விட்டவன்.

சட்டப் படிப்புக்குள் நுழைய இரண்டு வாசல்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருடப் படிப்பு. ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு மூன்று வருடப் படிப்பு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாகச் சேர்க்கை. நுழைவுத் தேர்வு கிடையாது, மதிப்பெண்தான். கட்டணமும் ஏழை கட்டக் கூடியதுதான். முன்பு சென்னைக்கும் மதுரைக்கும் ஓட வேண்டியிருந்தது. இப்போது ராமநாதபுரம், விழுப்புரம், தர்மபுரி, சேலம், நாமக்கல், தேனி என்று வந்து விட்டன. கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் ஒரு சட்டக் கல்லூரி இருக்கிறது!

இன்னொரு பாதை 'கிளாட்'. 2008லிருந்து நடக்கும் அகில இந்தியத் தேர்வு. பெங்களூரில் உள்ளது போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில், நம் திருச்சியில் உள்ளது உட்பட, இதன் வழியாகத்தான் இடம். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், முழுக்க ஆங்கிலம். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். சட்டம் மனப்பாடம் கேட்பதில்லை. நீளமான ஒரு பத்தியைக் கொடுத்து அதை வேகமாகப் படித்துப் புரிந்துகொண்டாயா என்றுதான் சோதிக்கிறார்கள். இதில் நம் பிள்ளைகள் ஏமாறுவது எங்கே தெரியுமா? தேதியில். இந்தத் தேர்வு இப்போதெல்லாம் டிசம்பரில் நடக்கிறது. அதாவது பையன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே. ரிசல்ட் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வாசல் ஆறு மாதம் முன்பே சாத்தப்பட்டு விடும். பிளஸ் ஒன்னிலேயே முடிவு செய்து, தினமும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைத் தலையங்கத்தோடு படிக்கத் தொடங்க வேண்டும். கோச்சிங்குக்குக் கொட்டிக் கொடுக்கப் பணம் இல்லையா? கேரளத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஷம்னாத் பஷீர் 2010ல் 'ஐடியா' என்றொரு அமைப்பைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இந்தத் தேர்வுக்குத் தயாராக்குவதுதான் அதன் வேலை. அவர் 2019ல் மறைந்து விட்டார். அவர் போட்ட பாதை இருக்கிறது.

எது சிறந்தது என்று என்னிடம் கேட்கிறார்கள். ஆங்கிலம் ஓடும், மூளை வேகமானது என்றால் கிளாட் எழுது. ஆனால் அங்கே கட்டணம் வருடத்துக்கு லட்சக்கணக்கில். கலந்தாய்வுக்கு நுழையும்போதே பல ஆயிரம் ரூபாயைச் சில நாட்களுக்குள் கட்டச் சொல்வார்கள். பணம் தயாராக இல்லாமல் ரேங்க் மட்டும் வைத்திருப்பவன் தவித்துப் போவான். தமிழ் வழியில் படித்தவன், சொந்த மாவட்டத்திலேயே வக்கீலாக நிற்க நினைப்பவன் அரசு சட்டக் கல்லூரிக்குப் போகலாம். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நம் ஊர் முன்சீப் கோர்ட்டில் பேசுவது தமிழ்தானே.

வெளிமாநிலத்தில் "கிளாசுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லி எல்.எல்.பி. விற்கிறவனிடம் மட்டும் போகாதே. கடையைப் பார்த்துக்கொண்டே வக்கீலாகி விடலாம் என்று பணத்தைக் கட்டிய வியாபாரிகளை எனக்குத் தெரியும். பார் கவுன்சில் விதிப்படி வகுப்பில் உட்கார்ந்து படித்தால்தான் அது சட்டப் படிப்பு. தபாலில் எல்.எல்.பி. கிடையாது. தனியார் கல்லூரி என்றால் பார் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு.

என்னைப் போல் மதரஸாவில் ஓதிய தம்பிகளுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். ஆலிம் ஸனது வாங்கியவர்களில் சட்டம் படிக்கும் ஆசை பலருக்கு இருக்கிறது. ஷரீஅத்தும் தெரிந்து இந்நாட்டுச் சட்டமும் தெரிந்த ஒருவர் ஜமாஅத்துக்கு எவ்வளவு பெரிய பலம்! ஆனால் பலர் பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்து விட்டு வந்து நிற்கிறார்கள். அந்த பி.ஏ.வை வைத்துச் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்று படிப்படியாக வந்திருக்க வேண்டும். அப்படி வந்தால் தொலைதூரக் கல்வியில் வாங்கிய பட்டமும் செல்லும். எனவே ஓதிக்கொண்டிருக்கும்போதே தனித்தேர்வராகவோ, தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் எழுதி விடுங்கள். மதரஸா நாஜிர்கள் இதற்குத் தடை போடாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

சரி, பணம்? அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவனுக்குச் சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத முன்னுரிமையை 2021ல் சட்டமாக்கினார்கள். முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022லும் மாணவர்களுக்கு 2024லும் மாதம் ஆயிரம் ரூபாய் திட்டங்கள் தொடங்கின. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் உதவித்தொகைக்கு வருமானச் சான்றோடு கல்லூரி வழியாக விண்ணப்பி. ஒன்றிய அரசின் சிறுபான்மை உதவித்தொகையை மட்டும் நம்பிக்கொண்டு எந்தக் கல்லூரியிலும் சேராதே. மவுலானா ஆசாத் பெயரிலான ஆராய்ச்சி உதவித்தொகையை 2022ல் நிறுத்தினார்கள். எட்டாம் வகுப்பு வரை இருந்ததையும் அதே ஆண்டு வெட்டினார்கள். வந்தால் வாங்கிக்கொள்; வராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடு.

வியாபாரப் பெருமக்களே! இனி உங்களிடம்.

ஒரு தகப்பனார் சொன்னார்: "ஹஜ்ரத், மகனுக்கு ரேங்க் வந்து விட்டது. பேங்கில் கல்விக் கடன் தருகிறார்கள். வட்டி. எனக்கு வேண்டாம்." சொன்னபடியே நின்றார், மகன் இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். வட்டி ஹராம் என்று குத்பாவில் சொன்னவன் நான்தான். அவர் நம்பினார், கட்டுப்பட்டார். அவருக்கு வட்டியில்லாத கடனை யார் கொடுத்தோம்? பைத்துல்மாலில் கேட்டால் "ஆபரேஷனுக்குத் தருவோம், குமர் காரியத்துக்குத் தருவோம், படிப்புக்கு இதுவரை வழக்கமில்லை" என்றார்கள். ஹராமின் வாசலை அடைத்தவர்கள் ஹலாலின் வாசலைத் திறந்து வைக்க வேண்டாமா?

ரமளான் வந்தால் கடை வாசலில் வரிசை நிறுத்தி, நூறும் இருநூறுமாக ஸகாத்தைப் பங்கு வைக்கிறீர்கள். வாங்கிப் போகிறவர் அடுத்த ரமளானுக்கும் அதே வரிசையில் நிற்கிறார். ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவன் கையில் அந்தத் தொகையை மொத்தமாகக் கொடுங்கள், ஸகாத் நிறைவேறும். சையிது வீட்டுப் பிள்ளையாக இருந்தால் ஸகாத்தைத் தொடாமல் அன்பளிப்பாகக் கொடுங்கள். தகுதி வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் நடுத்தரக் குடும்பங்கள்தான் அதிகம் தவிக்கின்றன. அவர்களுக்கு அழகிய கடன் கொடுங்கள். வக்கீலாகி ஐந்தாம் வருடத்திலிருந்து திருப்பிக் கட்டட்டும். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் ஐந்து வருடம் ஓடி விடும். போன மாதம் ஒரே கல்யாணத்தில் எத்தனை தேக்சா பிரியாணி இறக்கினோம் என்று உங்களுக்கே தெரியும்.

பட்டம் வாங்கினால் முடிந்ததா? இல்லை. பார் கவுன்சிலில் பதிவு செய்ய முன்பு பல ஆயிரம் பிடுங்கினார்கள். 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். பிறகுதான் உண்மையான பஞ்சம். சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் முதல் மூன்று வருடம் பஸ் காசுக்கே திண்டாட்டம். ஜூனியர்களுக்குப் பெரிய நகரங்களில் மாதம் 20 ஆயிரம், மற்ற ஊர்களில் 15 ஆயிரம் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024ல் சொல்லியிருக்கிறது. எத்தனை சீனியர்கள் கொடுக்கிறார்கள் என்று கோர்ட் வாசல் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகள் பலர் தொழிலை விட்டு விட்டு விமானம் ஏறுவது இந்த மூன்று வருடத்தில்தான். அந்தக் காலத்தில் உங்கள் கடை வாடகை ஒப்பந்தத்தை, செக் திரும்பிய நோட்டீசை, ஒரு பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் வேலையை அந்தப் பையனிடம் கொடுங்கள். கொடுத்து விட்டு "நம்ம பையன்தானே" என்று ஃபீசைக் குறைக்காதீர்கள்!

என் தெருப் பையன் இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறான். தகப்பனாருக்கும் அவனுக்குமாகச் சேர்த்து நானும் இரண்டு தடவை தாலுகா ஆபீஸ் போய் வந்தேன். சான்றிதழில் 'லெப்பை' என்று தெளிவாக இருக்கிறது. ராமநாதபுரத்தில் இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய் வருவான். வேறு ஊரில் கிடைத்தால் விடுதிக்குப் பணம் வேண்டும். கடைத்தெருவில் ஆறு பேரிடம் பேசியிருக்கிறேன். நான்கு பேர் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். மீதி இரண்டு பேர் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஹவுள் பக்கம்தான் நிற்பேன்.