மெய்க்கீர்த்திக்குக் கீழே உள்ள வரிகள்

அஸ்தினாபுரம் என்னும் நம் ஊர்ப் பெயர் பாரதக் கதையின் தலைநகரை நினைவூட்டுவது. அண்டையிலுள்ள பல்லாவரம் பல்லவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களை இன்றும் காணலாம். குரோம்பேட்டை ஒன்றுதான் தோல் பதனிடும் ஆலையால் பெயர் பெற்றது! அரசுகள் அழிந்து நெடுங்காலமாகியும் அவற்றின் பெயர்களாலேயே நம்மை நாம் அறிந்துகொள்கிறோம்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 985இல் பட்டமெய்திய முதலாம் இராசராசன், தன் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் பொறிக்கும் முறையை நிலைபெறச் செய்தான். காவிரிக் கரையில் ஒருவன் நிலம் விட்டாலும், பாலாற்றங்கரையில் ஒருத்தி விளக்கெரிக்க ஆடு கொடுத்தாலும், முதலில் வருவது அதே புகழுரை. நமது தொண்டை மண்டலமோ சயங்கொண்ட சோழமண்டலம் எனப் புதுப்பெயர் பெற்றது. ஒருவரையொருவர் காணாத ஊரார் ஒரே நாட்டினர் என்று எண்ணுவதற்கு இது பெரிதும் துணைசெய்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் நம் மேடைகளில் மெய்க்கீர்த்தியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள வரிகளை யார் படிக்கிறார்கள்? அங்கேதான் ஏரியும் வாய்க்காலும், நிலத்தின் நான்கெல்லையும், நெல்லளவும் வருகின்றன. தறியிறை என்று தறிக்கு விதித்த வரியும் வருகிறது. அரசவையின் பெருமைக்குப் பொருள் தந்தவர்கள் உழவரும் நெசவாளருமே.

பொருள் தந்ததோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பை, பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளரிடம் அரசன் ஒப்படைத்த செய்தியை அது கூறுகிறது. நம் நெசவாள அங்கத்தினர்களில் எத்தனை பேர் இதனைக் கேள்வியுற்றிருப்பர்? போர்க்களச் செய்திகளை அறிந்த அளவுக்கு இதனை அறியவில்லை என்பது என் வருத்தம்.

உத்தரமேரூரின் குடவோலை முறையைப் பலரும் அறிவர். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதனை விரித்துரைக்கின்றன. நிலமும் வேதப் பயிற்சியும் உடைய அந்தணருக்கே அவ்வவையில் இடமிருந்தது. தறிகாரர் பெயரைக் குடத்தில் இட்டிருக்க மாட்டார்கள். இதை மறைத்துப் பெருமை பேசுவது முறையன்று. ஆனால் அங்குள்ள விதியொன்றை நம் சங்க நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடுவோர் படித்துப் பார்த்தல் நலம். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரை மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் ஓலையில் எழுதலாகாது என்கிறது அக்கல்வெட்டு.